எண்ணி முடிக்கும் வரை நிறுத்தி வையுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களுக்கு,

சென்னையில் சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை விற்கப் புதிதாக வரும் எந்தக் கடைக்கும் ஓராண்டு காலத்துக்கு இடம் தருவதில்லை என்று மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். இப்போது நடந்துகொண்டிருக்கும் எந்தக் கடையையும் மூடச் சொல்லவில்லை. அந்த ஓராண்டில் நகரத்தில் இருக்கிற புகையிலைக் கடைகளை எண்ணுங்கள். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை வரைபடத்தில் குறித்து முடிவு செய்யுங்கள். முடிவாகும் வரை எண்ணிக்கை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நான் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடசென்னையிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே பாடம் நடத்தியவன். எந்தக் கட்சியின் சார்பிலும் எழுதவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026-உடன் முடிகிறது. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது பள்ளி, மருத்துவமனை போன்ற நிறுவனங்களுக்கு என்று அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வரையறை செய்யும் வேலை அது. இதுவரை நில உபயோக வரைபடத்துக்குக் கடை என்றால் கடைதான். மளிகைக்கும் சிகரெட்டுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் சின்னக் கடைக்கு இடமுண்டு. அந்தக் கடை என்ன விற்கும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதற்கு இதைவிட நல்ல தருணம் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு வராது.

சட்டமே இல்லையா என்று யாரேனும் கேட்கலாம். இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. அந்த 100 கெஜத்தைப் பள்ளி வாசலிலிருந்து அளக்கக் கூடாது, மதில் சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. புகையிலையில்லாக் கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி சில பள்ளிகளுக்கு வெளியே சாலையில் மஞ்சள் கோடு போட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இந்தச் சட்டம் கடை வந்தபிறகுதான் கண் திறக்கிறது. விற்பவரைப் பிடித்தால் அபராதம் 200 ரூபாய் வரை. 2003-இல் எழுதிய தொகை அது. இருபது சிகரெட் கொண்ட பெரிய பாக்கெட் ஒன்றின் விலையே இன்று அதைத் தாண்டுகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு முனையில் 200 ரூபாய், இன்னொரு முனையில் ஏழாண்டுச் சிறை. இரண்டுக்கும் நடுவில், ‘இந்த இடத்தில் வேண்டாம்மா, அந்த முனையில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும். அது உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் பின்பக்கச் சந்தில் ஒரு வீட்டின் முன்திண்ணையை எடுத்துவிட்டுப் பங்க் கடை வைத்தார்கள். முதலில் பிஸ்கட், கடலை மிட்டாய், தண்ணீர் பாட்டில், சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் என்றுதான் இருந்தது. கொஞ்ச நாளில் மேல் தட்டில் சிகரெட் பாக்கெட்டுகள் முகம் காட்டி நின்றன. கம்பியில் நூல் கட்டி ஒரு லைட்டர் தொங்கியது. அதற்கு நேர் கீழே, எட்டாம் வகுப்புப் பையனின் தோள் உயரத்தில், தேன் மிட்டாய் பாட்டில். இடைவேளை மணி அடித்தால் முதலில் அந்தச் சந்துக்குத்தான் ஓடுவார்கள்.

கடை நடத்தியது கணவரை இழந்த ஓர் அம்மா. சீருடையில் வரும் பிள்ளைக்கு அவர் சிகரெட் கொடுத்ததில்லை என்று என்னிடம் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் ‘அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு’ என்று வீட்டு உடையில் வருகிற பையனிடம் அவர் என்ன சோதிக்க முடியும்? ஆதார் அட்டையா கேட்பார்? பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்று 2016 முதல் நடைமுறை. ஒற்றைச் சிகரெட்டை உருவிக் கொடுத்தால் அந்தப் படம் பையனின் கண்ணிலேயே படாது. லூஸில் விற்பதை இமாச்சலப் பிரதேசம் 2016-லும் மகாராஷ்டிரம் 2020-லும் தடை செய்தன. நம் ஊரில் பையன்கள் வாங்குவது லூஸில்தான்.

அந்த அம்மாவிடம் 100 கெஜ விதியைப் பற்றிப் பேசப் போனேன். அவர் கோபப்படவில்லை. “அட்வான்ஸ் குடுத்துட்டேன் சார். தட்டு, ஷீட்டு எல்லாம் கடன் வாங்கிப் போட்டேன். வெக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேனே” என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் சொன்னதுதான் நியாயம். அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தால் அந்த வீட்டின் அடுப்பு அணையும். எடுக்காவிட்டால் பள்ளிக்குப் பின்னால் சிகரெட் விற்பனை தொடரும். கடை வந்தபிறகு எந்த முடிவும் யாரையாவது வதைக்கிறது. வருவதற்கு முன்னால் நிறுத்தினால் யாருடைய பிழைப்பிலும் கை வைக்க வேண்டியதில்லை. புதுக் கடைகளை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்று நான் கேட்பதன் காரணம் முழுவதும் இதுதான், மேயர் அவர்களே.

நிறுத்தி வைப்பது ஏன் முதலில் வர வேண்டும், ஆய்வை முடித்துவிட்டு விதியைக் கொண்டுவந்தால் போதாதா என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். விதி வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்குள் ஒரு தட்டைப் போட்டுவிட்டால் ‘ஏற்கெனவே இருந்த கடை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடலாம் என்று பலரும் முந்துவார்கள். நகரமைப்பில் எந்தக் கட்டுப்பாடு பேச்சுக்கு வந்தாலும் இது நடக்கும். ஆய்வு தொடங்கும்போது இருந்ததைவிட முடியும்போது கடைகள் கூடியிருக்கும். அப்புறம் ஆய்வு எதற்கு?

இதற்கு வெளிநாட்டில் ஒழுங்கான வழிமுறையே வகுத்திருக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தின் அரசாங்கச் சட்டத் தொகுப்பில் 65858 என்று ஒரு பிரிவு. ஒரு நகரம் தன் நில உபயோக விதிகளை மறுபரிசீலனை செய்யும்போது, அந்த ஆய்வுக்கு முரணாகக்கூடிய புதிய உபயோகங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அது இடம் கொடுக்கிறது. நகர மன்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். முதல் தடவை 45 நாள் மட்டுமே செல்லும். பிறகு மக்களுக்கு அறிவித்து, விசாரணை நடத்தி, இரண்டு தவணைகளில் நீட்டிக்கலாம். எல்லாம் சேர்த்து இரண்டாண்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. நிறுத்திவைப்பு முடிவதற்குப் பத்து நாள் முன்னால், இந்தக் காலத்தில் பிரச்சினையைத் தீர்க்க என்ன செய்தோம் என்று மன்றம் எழுத்தில் அறிக்கை வெளியிட்டாக வேண்டும். சும்மா தள்ளிப்போடுவதற்கு இதைப் பயன்படுத்த முடியாதபடி சட்டமே கடிவாளம் போட்டிருக்கிறது. அங்கே பல நகரங்கள் புதிய புகையிலைக் கடைகள் விஷயத்தில் இந்தப் பிரிவைப் பயன்படுத்தியிருக்கின்றன.

ஆய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ நல்ல உதாரணம். அங்கே வசதி குறைந்த பகுதிகளில் புகையிலைக் கடைகள் நெருக்கமாகவும், வசதியான பகுதிகளில் அரிதாகவும் இருந்தன. அதை வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் இளைஞர் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள். மன்ற உறுப்பினர் எரிக் மார் அதைச் சட்டமாகக் கொண்டுவந்தார். 2014 டிசம்பரில் நிறைவேறியது. நகரத்தின் 11 மாவட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 45 உரிமம் என்று உச்ச வரம்பு. பள்ளியிலிருந்து 500 அடிக்குள் புது உரிமம் கிடையாது. ஏற்கெனவே ஒரு புகையிலைக் கடை இருந்தால் அதிலிருந்து 500 அடிக்குள்ளும் கிடையாது. உரிமம் வைத்திருந்தவர்களின் கடைகளைப் பூட்டவில்லை. அவர்கள் தொழிலை விட்டுப் போகப் போக எண்ணிக்கை தானாகக் குறைய வழி செய்தார்கள். பிலடெல்பியாவும் 2016-இல் இதே போக்கில், ஆயிரம் பேருக்கு ஒரு கடை என்ற கணக்கில் வரம்பு வைத்தது.

அமெரிக்காவில் நடப்பது நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அங்கே புகையிலைக் கடைக்கு உரிமம் உண்டு, எண்ணுவது எளிது. இங்கே மத்தியச் சட்டம் சில்லறை விற்பனைக்குத் தனி உரிமம் கேட்பதில்லை. அதனால்தான் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். வழி நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் எண்ணு, அதுவரை யாரையும் தொடாதே என்ற அந்த நெறியின் மறுபக்கத்தைத்தான் நான் கேட்கிறேன்: எண்ணி முடிக்கும் வரை புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. மாநகராட்சி புதிதாகக் கொடுக்கும் தொழில் உரிமத்திலும், தெருவோர வியாபாரிக்கான புதிய சான்றிதழிலும், ‘ஆய்வு முடியும் வரை புகையிலைப் பொருள் விற்கலாகாது’ என்று ஒரு நிபந்தனை சேர்க்கப்படட்டும். இப்போதே விற்றுக்கொண்டிருப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் கட்டணமில்லாமல் பெயர் பதிந்துகொள்ளட்டும். பதிந்தவருக்கு அடையாளச் சீட்டு. அதற்குப் பிறகு வருவது புதுக்கடை. இதில் அதே தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவைக் கட்டாயம் கலந்து பேச வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்குத் தெரியாமல் இதைச் செய்தால் பெட்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் இதைத் தங்களுக்கு எதிரான வேலை என்றே நினைப்பார்கள். நினைப்பதில் தவறும் இருக்காது.

மாநகராட்சிக்கு இதில் அதிகாரம் உண்டா என்ற கேள்விக்குச் சட்டத் துறைதான் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை நகரத் திட்டமிடல், நில உபயோக ஒழுங்குமுறை, பொதுச் சுகாதாரம் மூன்றையும் நகராட்சிகளின் பணிகளாக எண்ணுகிறது. மேலும் 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகமே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: புகையிலை விற்பவர்களுக்கு உள்ளாட்சி வழியாக அனுமதி முறை கொண்டுவாருங்கள், அப்படி அனுமதி பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் போன்ற பொருள்களை விற்க விடாதீர்கள் என்று. அந்தத் தேன் மிட்டாய் பாட்டிலை நினைத்துக்கொள்கிறேன். தீர்மானத்துக்கு மாநில அரசின் விதி ஒன்று துணையாக வேண்டியிருந்தால், அதைக் கேட்டு எழுதும் முதல் கடிதம் சென்னையிலிருந்து போகட்டும்.

மதுவுக்கு இந்த மாநிலம் கணக்கு வைத்திருக்கிறது. டாஸ்மாக் கடை ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று 2003-ஆம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகளில் தூரம் உண்டு. அது போதாது என்பது என் கருத்து. ஆனாலும் கணக்கு இருப்பதால்தான் 2023 ஜூனில் 500 கடைகளை மூடுகிறோம் என்று அரசு சொல்லவும் செய்யவும் முடிந்தது. கணக்கில்லாத பொருளை எப்படிக் குறைப்பது? புகையிலையால் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இறக்கிறார்கள். அந்தப் பொருள் விற்கும் கடைகளுக்கு எண் கிடையாது.

இன்னும் இரண்டு புள்ளிவிவரங்களை உங்கள் முன் வைக்கிறேன். பெரியவர்களின் புகையிலைப் பயன்பாடு பற்றிய தேசியக் கணக்கெடுப்பு 2009-10-லும் 2016-17-லும் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் நாடு முழுவதும் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6-ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ 16.2-இலிருந்து 20-ஆகக் கூடியது. ஐந்து பெரியவர்களில் ஒருவர். நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம். 13 முதல் 15 வயது வரையான மாணவர்களிடம் 2019-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு வேறொன்றைச் சொல்கிறது. நாட்டளவில் அந்த வயதினரில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லும் புகையிலை பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியிருக்கிறார்கள். பத்து வயதில் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருப்பான். தனியாகப் போய் வர அவனுக்குத் தெரிந்த தூரம் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு தெருதான்.

புகையில்லாப் புகையிலை பற்றி ஆசிரியராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிகரெட்டை வாடையில் கண்டுபிடித்துவிடுவோம். உதட்டுக்குள் ஒதுக்கும் சின்னப் பொட்டலம் அப்படியில்லை. பையன் பெஞ்சில் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கேள்வி கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டான். ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் மடித்து வைத்திருப்பதை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. அப்படியும் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலம் மாணவர்களிடம் பரவுவது பற்றி 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவிக்க வேண்டி வந்தது. தடை செய்த பொருளும் தனியாக ஆகாயத்திலிருந்து வருவதில்லை. அனுமதித்த புகையிலை விற்கும் இடங்களில்தான் அதற்கும் மறைவிடம் கிடைக்கிறது. கடைகளுக்குப் பெயரும் பதிவும் இருந்தால் இழக்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு விற்பவருக்கு வரும்.

இங்கே இல்லாவிட்டால் அடுத்த தெருவில் வாங்குவான் என்பது வழக்கமாக வரும் மறுப்பு. பெரியவர் வாங்குவார். பதினைந்து நிமிட இடைவேளையில் போய்த் திரும்ப வேண்டிய பிள்ளைக்கு அடுத்த தெரு தூரம்தான். விட நினைக்கிற பெரியவருக்கும், வேலைக்குப் போகிற வழியில் ஆறு கடையைத் தாண்டுவதும் ஒரு கடையைத் தாண்டுவதும் ஒன்றல்ல. கடையே இல்லாமல், செயலியில் கேட்டால் கிடங்கிலிருந்து சில நிமிடங்களில் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரமும் வளர்ந்து வருகிறது. அந்தக் கிடங்குகளை நில உபயோக வரைபடத்தில் எதில் சேர்ப்பது என்பதையும் இந்த ஆய்விலேயே பார்த்துவிட வேண்டும்.

இந்த மாநகராட்சி குழந்தைகள் விஷயத்தில் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட மன்றம் தீர்மானித்தது. மாநில அளவில் மதிய உணவு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால். பசியோடு வரும் பிள்ளை படிக்காது என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்த உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் இருந்த அதிகாரத்தை வைத்து ஒரே பள்ளியில் தொடங்கினார்கள். அதே மன்றத்தில்தான் நீங்கள் இன்று தலைமை வகிக்கிறீர்கள். 400-க்கும் மேற்பட்ட பள்ளிகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் மதில் உங்களுடையது. மதிலுக்கு வெளியே உள்ள தெருவும் உங்களுடையதே.

200 வார்டிலும் ஒரே நாளில் கணக்கெடுக்க ஆளில்லை என்று சொல்வார்கள். மாநகராட்சிப் பள்ளிகளைச் சுற்றியுள்ள 100 கெஜத்தில் முதலில் எடுங்கள். அங்கேயும் ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்கிறோம். அந்தத் தெருக்கள் எங்களுக்குத் தெரியும். கடைக்காரர்களில் பாதிப் பேர் எங்களிடம் படித்தவர்கள். மாநகராட்சியின் முத்திரையோடு ஒரு படிவமும், கடைக்காரர்களிடம் காட்ட ஒரு கடிதமும் கொடுத்தால் போதும். சம்பளம் வேண்டாம். அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இது இடம் பெறுமா என்பதை மட்டும் தெரிவியுங்கள். பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
வடசென்னை